ஏழு அசைவுப் பெட்டிக்குள் ஒரு பவுண்

அம்மா வேலை நேரத்தில் என்னை அழைப்பதில்லை. அதனால் அந்த வியாழக்கிழமை மதியம் கைப்பேசியில் அவருடைய எண்ணைக் கண்டதும் மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே போனேன்.

"பிள்ளை, உன்ரை பெட்டி திறக்குதில்லை."

"எத்தினையாவது அசைவிலை நிக்குது?"

"முதலாவதே அசையுதில்லை."

"இடப்பக்கப் பலகையைக் கீழைதானே தள்ளினனீங்கள்?"

"எனக்கு வழி தெரியாதெண்டு நினைக்கிறியோ? நான் நித்திரையிலையும் திறப்பன். அது இறுகிப் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்கைதான் பவுண் கிடக்கு."

எந்தப் பவுண் என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியின் பொன்னுருக்கு. கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன், நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் எல்லோர் முன்னாலும் ஒரு தங்கப் பவுண் நாணயத்தை உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. தம்பிக்கென்று உருக்கவேண்டிய பவுண் அவன் பிறந்த மாதத்திலேயே தீர்மானமாகிவிட்டது. அவன் பதினொரு வாரம் முந்திப் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த நாட்களில் அம்மா ஒரு பவுணை மஞ்சள் துணியில் முடிந்து, அம்மாளாச்சி என்று தான் கும்பிடும் அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்: பிள்ளை தப்பி வந்தால் இதே பவுணை அவனுடைய கலியாணத்துக்கு உருக்குவேன் என்று. அந்த முடிச்சை அதன் பிறகு யாரும் அவிழ்க்கவில்லை.

ஆனால் அது இருந்த இடம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் எங்காவது ஒரு வீட்டில் நகை களவு போனது என்று பேச்சு வந்தால் போதும், அம்மா இடம் மாற்றிவிடுவார். எனக்குத் தெரிந்த இடங்கள்: அரிசி வாளியின் அடி, யாரும் போடாத பனிச் சப்பாத்தின் இடது கால், தையல் மெஷினின் மூடி, உடைந்த ரைஸ் குக்கர். கடைசியாக, இந்த வருட இளவேனிலில், நான் செய்த பெட்டி.

அது யப்பானில் ஹக்கோனே என்ற மலைப்பகுதியில் செய்யும் பெட்டிகளைப் பார்த்துச் செய்தது. வேலையிடத்தில் என்னோடு இருக்கும் இன்னொரு பெண் அங்கே விடுமுறைக்குப் போய்விட்டு வந்து, ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒரு கைக்கு அடங்கும் பெட்டி. மூடியும் இல்லை, பூட்டும் இல்லை. ஆறு பக்கமும் சின்னச் சின்ன நட்சத்திரங்களும் முக்கோணங்களும் அலைகளும். அச்சடித்த காகிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் பார்த்தபோது ஒவ்வொரு கோடும் மரமாக இருந்தது. சாயமே இல்லை. வெள்ளை, கபிலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் அந்தந்த மரத்தின் சொந்த நிறம்.

எட்டு எஞ்சினியர்கள் அதைத் திறக்க முயன்றோம். நான் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன். ஒரு பக்கப் பலகையைச் சற்றுக் கீழே தள்ளினால் இன்னொரு பலகை சற்று நகரும். அது நகர்ந்தால்தான் அடுத்தது. கடைசியில் மேற்பலகை முழுதாக வழுக்கிக்கொண்டு வரும். அந்த வார இறுதிக்கு அவளிடம் இரவல் வாங்கி வந்து அளந்து வரைந்தேன்.

என் தொழில் அதுதான். மார்க்கம் நகரில் ஒரு நிறுவனத்தில், மருத்துவக் கருவிகளுக்குள் இருக்கும் உலோகப் பாகங்களை வரைகிறேன். ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் எவ்வளவு இடைவெளியோடு போகவேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் என் நாளின் பெரும்பகுதி போகிறது.

பெட்டி செய்ய இரண்டு குளிர்காலம் எடுத்தது. நாலு மரங்கள் பயன்படுத்தினேன். வெள்ளைக்கு மேப்பிள், கறுப்பான கபிலத்துக்கு வால்நட், சிவப்புக்குச் செரி, மஞ்சளுக்குச் சூமாக். சூமாக் இங்கே நெடுஞ்சாலை ஓரங்களில் தானாக வளரும் செடிமரம். பக்கத்து வீட்டுக்காரர் தன் வேலியோரம் வெட்டி எறிந்ததைக் கேட்டு வாங்கினேன். உள்ளே பச்சை கலந்த மஞ்சள்.

ஒவ்வொரு மரத்தையும் மெல்லிய குச்சிகளாகச் சரித்து அறுத்து, குச்சிகளை ஒட்டிக் கட்டையாக்கவேண்டும். கட்டையின் முகப்பில் சித்திரம் வரும். அதே சித்திரம் கட்டையின் மறுமுனை வரைக்கும் ஓடும், வாழைத்தண்டில் எங்கே வில்லை வெட்டினாலும் அதே வட்டம் வருவதைப்போல. பிறகு அந்த முகப்பைச் சீவுளியால் சீவினால் காகிதம்போல் சித்திரத் தகடு சுருண்டு வரும். தகட்டை இஸ்திரிப்பெட்டியால் சமப்படுத்திப் பெட்டியில் ஒட்டவேண்டும். எனக்கு முதல் இருபது தகடுகள் கிழிந்தன. இருபத்தோராவது முழுதாக வந்தபோது மேலே ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அப்போது மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இழைச்ச பன்பாய் மாதிரிக் கிடக்கு. உதைத் தின்னலாமோ?"

பெட்டிக்குள் ஏழு அசைவுகள் வைத்தேன். பலகைகள் ஓடும் பள்ளக் கோடுகளான தவாளிப்புகளுக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. உலோகத்தில் அது தாராளம். என் மேசை பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டிலேயே வெப்பமான மூலை என்பதால் நான் தெரிந்தெடுத்த இடம். வெளியே பனி, உள்ளே ஃபேர்னஸ் ஓயாமல் ஓடும். உதடு வெடிக்கிற அளவுக்குக் காற்று காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த காற்றில், சனவரி மாதத்தில், கடைசிப் பலகையைப் பொருத்தினேன். அது சத்தமே இல்லாமல் ஓடியது. குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: எடை முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம், எல்லா அசைவும் சரி, மாற்றம் தேவையில்லை.

மரம் தண்ணீர் குடிக்கும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன்.

பெட்டியைத் திறக்க அம்மா ஒரே பின்னேரத்தில் பழகினார். நான் எழுதிக் கொடுத்த வரிசையை அவர் வாங்கவில்லை. வாசலிலிருந்து வீட்டுக்குள் போவதுபோல் தன் பாட்டுக்கு ஒரு பாடம் வைத்துக்கொண்டார்: படலை, கதவு, திரும்பவும் கதவு, யன்னல், அலுமாரி, லாச்சி, மூடி. ஒவ்வொரு பலகையைத் தள்ளும்போதும் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்வார். அப்பா மூன்றாவது அசைவோடு கையை விட்டார்.

"உதுக்குள்ளை வைச்சால் கள்ளனும் எடுக்கமாட்டான், நாங்களும் எடுக்கமாட்டம்."

வியாழன் மாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெட்டி சமையலறை மேசையில், ஒரு தட்டின் நடுவில் இருந்தது. பார்த்தவுடனேயே நிறம் பிடிபட்டது. மேப்பிள் இருந்த இடமெல்லாம் இளமஞ்சள். ஆறு பக்கமும் காய்ந்த சந்தனப் பொட்டுகள், அவற்றின் நடுவில் குங்குமம். பலகைகள் சந்திக்கும் இடுக்குகளில் சந்தனம் வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது.

"அம்மா, இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

நான் மஞ்சளைத் தொட்டுக் காட்டினேன்.

"புதன்கிழமை வீடு முழுக்கக் கழுவி மஞ்சள் தண்ணி தெளிச்சனான். நல்ல காரியத்துக்கு முதல் தெளிக்கத்தானே வேணும்? உதையும் ஈரத்துணியாலை துடைச்சு, பொட்டு வைச்சு, சாமிக்கு முன்னாலை வைச்சன். பவுண் இருக்கிற பெட்டியைத் துடைக்காமல் விடலாமோ?"

"எத்தினை தரம் துடைச்சனீங்கள்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "மூண்டு."

யூலை மாதம். அப்பா ஏசியைப் பொழுது பட்டால்தான் போடுவார். யன்னலெல்லாம் திறந்து கிடந்தது. பெட்டி ஏற்கெனவே காற்றிலிருந்து ஈரம் எடுத்து ஊதியிருக்கும்; மிச்சத்தை மஞ்சள் தண்ணீர் செய்துவிட்டது. வேலையிடத்தில் நான் வரையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தாள் எழுதுகிறேன். எந்த வெப்பத்தில் வைக்கலாம், எதால் துடைக்கலாம், எது கூடவே கூடாது. என் அம்மாவுக்கு அப்படி ஒரு வரிகூடச் சொல்லாமல் பெட்டியைக் கொடுத்திருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தபோது அவரும் தன் பக்கத்துப் பிழையைக் கூட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இடைவெளி நான் விட்டது காணாது, அம்மா. உங்கடை பிழை இல்லை."

"சந்தனம் கொஞ்சம் கூடத்தான் வைச்சிட்டன்," என்றார் அவர்.

அப்பா கராஜிலிருந்து சுத்தியலோடு வந்தார். "ஒரே ஒரு தட்டு. மெல்லமா."

அம்மா தட்டையும் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். "உதோடை கிட்ட வந்தீங்களெண்டால் பாருங்கோ."

"நான் உதவிக்குத்தானே வந்தனான்?"

"போன முறை பைப்புக்கும் உப்பிடித்தான் உதவிக்கு வந்தனீங்கள்."

நான் அம்மாவிடமிருந்து பெட்டியை வாங்கிச் சமையல் தராசில் வைத்தேன். நானூற்று முப்பத்தேழு. பவுணும் துணியும் பதினொரு கிராம் என்று எடுத்தால், சனவரியைவிட இருபத்தெட்டு கிராம் தண்ணீர் கூட. ஒரு தேநீர்க் கோப்பையில் கால்வாசிகூட வராது. ஆனால் அது போனால்தான் பலகை அசையும். வேகமாகக் காயவைத்தால் மரம் வெடிக்கும், ஆகவே ஹெயார் டிரையரும் ஓவனும் வேண்டாம். பேஸ்மென்டில் ஃபேர்னஸ் அறையின் கதவைச் சாத்தி, உள்ளே ஈரம் உறிஞ்சும் மெஷினைப் போட்டு, பெட்டியை நாலு பென்சில்களின் மேல் வைத்தேன், அடியிலும் காற்றுப் படும்படி. ஞாயிறு காலை நல்ல நேரம் ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிகிறது. என்னிடம் அறுபத்திரண்டு மணித்தியாலம் இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு எடுத்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்து எழுதினேன். காலை எட்டுக்கு நானூற்று முப்பத்திரண்டு. பத்துக்கு முப்பத்தொன்று. ஊசியால் இடுக்குகளிலிருந்து சந்தனத்தைக் கிளறி எடுத்தேன். வெளியே தெரிந்தது வந்தது. உள்ளே தவாளிப்புக்குள் இறங்கினது எவ்வளவு என்று பார்க்க வழியில்லை.

அம்மா மேலே பலகார வேலைக்கு நடுவில் படியில் நின்று கேட்பார்: "இப்ப எத்தினை?"

"முப்பது."

"முந்தியும் முப்பத்தொண்டுதானே?"

"மெல்லமாத்தான் குறையும்."

பின்னேரம் தேத்தண்ணியோடு இறங்கி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து நேரங்களையும் எண்களையும் மேலிருந்து கீழாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

"ஆஸ்பத்திரியிலையும் உப்பிடித்தான் ஒரு தாள் கொழுவியிருக்கும். நேர்ஸ் விடிய நிறுத்து எழுதுவா. நாங்கள் அப்ப பார்க்டேலிலை. உன்னை மேல்வீட்டு அன்ரியோடை விட்டிட்டு ஸ்ட்ரீட்காரிலை போவன். இங்கிலிஷ் ஒண்டும் விளங்காது. நம்பர் மட்டும் விளங்கும். போனவுடனை தம்பியைப் பார்க்கிறேல்லை, தாளைத்தான் பார்க்கிறது."

"எத்தினையிலை இருந்தவன்?"

"ஆயிரத்து இருநூற்றைம்பது. அடுத்த நாள் ஆயிரத்து இருநூற்றிருபது. குறைஞ்சுபோச்சு. நான் அந்த இடத்திலையே இருந்து அழுதனான். எல்லாப் பிள்ளையளும் முதல் குறையுமாம், எனக்கு ஆர் சொன்னது?" தேநீரைக் குடித்தார். "அண்டைக்குத்தான் பவுணை முடிஞ்சது. அப்ப கூடோணும் எண்டு இருந்தன். இப்ப குறையோணும் எண்டு இருக்கிறன்."

இந்த நேர்த்திக் கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தாளைப் பற்றி அன்றுதான் முதல் தடவை கேட்டேன். அம்மா எழுந்து, பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்து, மேலே போனார்.

சனிக்கிழமை மதியம் எடை நானூற்று இருபத்தைந்துக்கு வந்தபோது இடப்பக்கப் பலகை அசைந்தது. நான் கத்திய கத்தலில் வீட்டில் இருந்த எல்லோரும் இறங்கி வந்தார்கள். அம்மா, அப்பா, தம்பி, பலகாரத்துக்கு உதவ டோர்செட் பார்க்கிலிருந்து வந்திருந்த சித்தி. அம்மா மா படிந்த கையோடு நின்று "படலை" என்றார். நான் அடுத்ததைத் தள்ளினேன். "கதவு." அடுத்தது. "கதவு." நாலாவது அரைவாசித் தூரம் வந்து நின்றுவிட்டது. மரம் ஊதி இறுகினால் பலகை சற்றாவது மெத்தென்று விட்டுக்கொடுக்கும். இது சுவரில் முட்டியதுபோல் நின்றது. உள்ளே சந்தனம் சீமெந்துபோல் காய்ந்திருந்தது.

"அக்காவைக் கிடக்கவிட்டிட்டுத் தம்பிக்குக் கலியாணம் செய்யிறியள்," என்றார் சித்தி. "அதுதான் அவள் செய்த பெட்டியும் கோவிச்சுக்கொண்டு நிக்குது."

"பெட்டிக்குக் கோவம் இல்லை, சித்தி. சந்தனம்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் கிடக்கும். மாப்பிள்ளை வேண்டாமெண்டதுக்கும் ஒரு லிஸ்ற் வைச்சிருந்தனியெல்லோ?"

"அது சின்ன லிஸ்ற். பதினொண்டுதான்."

தம்பி சிரித்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "அம்மா, சீரியஸ்லி, வேற கொயின் எண்டாலும் எனக்கு ஓகே. ஐ டோன்ட் மைன்ட். அக்கா ரெண்டு வருசமா செய்தது, அதை ஏன் உடைப்பான்?"

"உனக்கு ஓகே. நீ அப்ப ஒண்டேகால் கிலோ. உன்னை ஆர் கேட்டது?"

சித்தி மெதுவாகச் சொன்னார்: "அக்கா, வேற பவுண் ஒண்டை மஞ்சள் துணியிலை முடிஞ்சு வையுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அம்மா படியேறினார்.

ஞாயிறு காலை எட்டரைக்கு நானூற்று இருபத்தொன்று. நாலாவது பலகை அசையவில்லை. கராஜைக் கழுவி, கோலம் போட்டு, குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் உருக்கினால் புகைக்கு அலாம் கத்தும் என்பதால் எங்கள் பக்கத்தில் பலரும் கராஜில்தான் பொன்னுருக்குவது. நகைக்கடைக்காரர் வந்து அடுப்பையும் காஸ் விளக்கையும் ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். மணப்பெண்ணின் தகப்பனும் மாமன்மாரும் யூனியன்வில்லில் இருந்து வந்து, அப்பா வரிசையாகப் போட்ட மடக்குக் கதிரைகளில் இருந்தார்கள்.

நான் பேஸ்மென்டில் மரம் அறுக்கும் வாளை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் புதுச் சேலையோடு, ஒரு கையால் கொய்யக மடிப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"அம்மா, நான் வெட்டப்போறன்."

"வேண்டாம்."

"ஒன்பது நாற்பதுக்கு இது திறக்காது. நாளைக்கும் திறக்காது. சந்தனம் பிடிச்சிட்டுது."

"விடு. அப்பான்ரை பொக்கற்றிலை வேற பவுண் கிடக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நேற்றுப் பின்னேரம் நான்தான் வாங்கி வரச் சொன்னனான். மஞ்சள் துணியும் நனைச்சுக் குடுத்தனான்." அம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அது தம்பிக்கு வைச்ச நேத்தி. உன்ரை சாமானை வெட்டி அவனுக்குச் செய்வன் எண்டு நான் அம்மாளாச்சியிட்டைச் சொல்லேல்லை. ரெண்டு குளிர்காலம் உந்த மூலையிலை இருந்து செய்தனி. அதைக் கெடுத்ததும் நான்தான். நான் சந்தனம் வைக்காமல் விட்டிருந்தால் இப்ப மேலை திறந்திருப்பன். அம்மாளாச்சிக்குக் காரணம் சொல்லுறது என்ரை பாடு."

முந்தைய நாள் "எனக்குத் தெரியும்" என்று சொன்னவர் இவர்தான். அந்தத் துணியை நனைக்கும்போது அவர் என்ன நினைத்திருப்பார்? இருபத்தொன்பது வருடம் காத்த சொல்லை என் பெட்டிக்காக விட்டுக்கொடுக்க ஒரு பின்னேரத்திலேயே முடிவெடுத்திருந்தார். அதை என்னிடம் சொல்லவும் இல்லை.

"அம்மா, இஞ்சை பாருங்கோ. ஒண்டு, கீறின படம் எல்லாம் என்னட்டைக் கிடக்கு. ரெண்டு, சித்திரக் கட்டையிலை இன்னும் அரைவாசி மிச்சம். மூண்டு, இடைவெளி பிழை. இது இப்ப திறந்தாலும் அடுத்த யூலையிலை திரும்ப இறுகும். எப்பிடியும் நான் இன்னொண்டு செய்யத்தான் வேணும்."

"எனக்காகப் பொய் சொல்லுறியோ?"

"அரைவாசி."

"எது பொய்?"

"கட்டை அரைவாசி இல்லை. கால்வாசிதான்."

அம்மா சிரித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். மேலே அப்பா, "நேரம் போகுது, என்ன செய்யிறியள் ரெண்டுபேரும்?" என்று கூப்பிட்டார்.

இடப்பக்கத்து ஓரத்திலிருந்து பன்னிரண்டு மில்லிமீற்றர் உள்ளே, நாலு பக்கமும் சுற்றி, பென்சிலால் கோடு போட்டேன். பெட்டியை நிமிர்த்திக் காதில் வைத்தேன். முடிச்சு மறுபக்கம் விழும் சத்தம் கேட்டது. இப்போது வாள் பவுணில் படாது. கிடுக்கியில் பூட்டினால் நேரம் போகும் என்று அம்மாவையே பிடிக்கச் சொன்னேன். அவர் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிப் பெட்டியை அமத்திப் பிடித்தார். காப்புகளைக் கழற்றி வைக்கச் சொன்னேன், கழற்றினார். என் வாள் யப்பானிய வாள், இழுக்கும்போது மட்டும் வெட்டும். அவசரப்பட்டால் வளையும். முதல் இழுப்பில் அலைச் சித்திரத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார், பிடியை விடவில்லை. அதன் பிறகு எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. கோட்டையும் வாளையும் மட்டும் பார்த்து வெட்டினேன். நாலு மரத்தின் தூளும் அம்மாவின் விரல்களில் படிந்தது.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பெட்டியின் முனை தனியாகக் கழன்று மேசையில் விழுந்தது. மிச்சத்தைச் சரித்தபோது மஞ்சள் முடிச்சு அம்மாவின் உள்ளங்கைக்குள் உருண்டு வந்தது.

முடிச்சை அவிழ்க்க அவருக்கு விரல் வசப்படவில்லை. கராஜுக்கு நடந்து போகும்போதே பல்லால் கடித்து அவிழ்த்தார். கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். பவுணை மண் சட்டிக்குள் வைத்து நகைக்கடைக்காரர் சுவாலையைப் பிடித்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதன் ஓரம் சிவந்து, நடு குழைந்து, ஒரு கணத்தில் அது பவுணாக இல்லாமல் ஒரு துளியாகித் தானாகவே உருண்டை பிடித்தது. தம்பி வேட்டியோடு பக்கத்தில் நின்று அதையே பார்த்தான். அம்மா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொன் ஆறியதும் அப்பா மெதுவாக நகைக்கடைக்காரரிடம் போய்த் தன் சட்டைப் பையிலிருந்த மற்றப் பவுணை எடுத்துக் காட்டினார். அது அவருடைய கடையில் வாங்கியதுதான்.

"அண்ணை, இதைத் திருப்பி எடுப்பியளோ?"

"பில் கொண்டந்தனீங்களோ?" என்றார் நகைக்கடைக்காரர்.

உருக்கிய பொன்னை வெற்றிலையோடு தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டவேண்டும். அது அம்மாவின் வேலை. ஆனால் அவர் தட்டோடு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது பொன்னுக்குப் பக்கத்தில் பெட்டியின் வெட்டிய முனையும் இருந்தது. வெட்டுமுகம் மேலே பார்த்தபடி. காகிதத் தடிப்பில் சித்திரத் தோல், அதற்குள் வெறும் மரம், அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தவாளிப்புகளும், பலகைகளைப் பூட்டி வைக்கும் சாவிக் குச்சிகளும். பெட்டி முழுதாக இருந்தவரை நான் ஒருவருக்கும் காட்டமுடியாமல் இருந்த பகுதி.

"அம்மா, அதை ஏன் அதிலை வைச்சனீங்கள்?"

"சும்மா இரு."

முதலில் நகைக்கடைக்காரரிடம் நீட்டினார். அவர் பொன்னை விட்டுவிட்டு மரத்துண்டைத்தான் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் தவாளிப்புக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"ஆர் செய்தது?"

"மகள். வெட்டினதும் அவள்தான். பாருங்கோ, வெட்டின இடமும் நேர் கோடு."

"இடைவெளி இறுக்கம், பிள்ளை."

"ஓம், அங்கிள். இனிப் பத்திலை நாலு விடுவன்."

"விடு. மூச்சு விட இடம் வேணும்." துண்டை முன்போலவே வெட்டுமுகம் மேலே வரும்படி தட்டில் வைத்தார்.

சித்தி அதைத் தூக்கிப் பார்த்து, "உதுக்குள்ளை இவ்வளவு கிடந்ததோ?" என்று மட்டும் சொன்னார். 

தட்டு பெண் வீட்டார் பக்கம் போனது. பெண்ணின் தகப்பனுக்குப் பெட்டியின் கதை ஒன்றும் தெரியாது. அவர் பொன்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறகு மரத்துண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டை நகர்த்தாமல் நின்றார். இது மாப்பிள்ளை வீட்டார் வழக்கம் என்று தகப்பன் நினைத்திருக்கவேண்டும். அவர் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அவருக்குப் பின்னால் நின்ற மூன்று மாமன்மாரும் ஒருவர் பின் ஒருவராக அப்படியே செய்தார்கள்.